அம்ஸ்ரடாம் பங்கு விலையும் யாழ்ப்பாணத் தீவகமும்: ஒல்லாந்தர் கால வரலாற்றுக்கு ஒரு சான்றுமூலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே ஆழங்குறைந்த கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர் என்பது பலரும் அறிந்த செய்தி. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் எனப்பட்டது. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்ப்ற் எனவும் வழங்கின. பிறந்த மண்ணை நினைந்து ஏங்கிய அந்நியர் தம் ஊர்ப் பெயர்களைக் கண்ட கண்ட நிலத்துக்கெல்லாம் இட்டுச் சென்றனர் என்று இதற்கு விளக்கம் கூறி அப்பாற் செல்வது வழக்கமாகிவிட்டது.

ஆயினும் இப்பட்டியலைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1602 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பட்டயம் பெற்றுத் தோன்றிய ஒல்லாந்த ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனி ஒரே தலைமையகத்தின் கீழ் இயங்கிய நிறுவனமன்று. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ப்ற், ரொட்டர்டாம், ஹோர்ண், என்குயிசன் ஆகிய ஆறு நகரங்களில் அதற்கு ஆறு மன்றங்கள் இருந்தன. மிடில்பேர்க் மன்றம் சீலாந்து மாகாணத்தின் பெயராலேயே பெரிதும் அறியப்பட்டது. பங்குமுதல் இம்மன்றங்களிலேயே திரட்டப்பட்டது. பங்குதாரரின் பெயர்கள் இம்மன்றங்களின் பேரேடுகளிலேயே பதியப்பட்டன. ஆகவே காரைதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கும் வெறும் நகரப் பெயர்களை மட்டும் தாங்கவில்லை. கம்பனியின் முதல் எங்கே இடப்பட்டதோ, இலாபம் எங்கே பகிரப்பட்டதோ, அந்நகரங்களின் பெயர்களையே அவை தாங்கின. அம்ஸ்ரடாமில் ஒரு பங்கு கைமாறிய விலைக்கும் ஊர்காவற்றுறையில் ஒரு யானை மரக்கலம் ஏறிய நாளுக்கும் இடையே தொடர்பு உண்டா? உண்டெனில் அதனை வரலாற்று மாணவன் எவ்வாறு கண்டறிவது? இக்கட்டுரை இவ்வினாவையே எடுத்துக்கொள்கின்றது.

இவ்வினா வீண் ஆராய்ச்சியன்று. ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தை ஆராய்ந்தோர் தோம்புகள், தளபதிகள் தமக்குப் பின் வருவோர்க்கு எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள், தேசவழமைத் தொகுப்பு, சமயப் பாடசாலை அறிக்கைகள் முதலியவற்றையே பெரிதும் துணைக்கொண்டனர். பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1958 இல் வெளியிட்ட, இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் பற்றிய நூல் இத்துறைக்கு இன்றும் அடித்தளமாக விளங்குகின்றது. அச்சான்றுகள் யாவும் ஆட்சி நடத்தியோர் ஆளப்பட்ட மண்ணிலிருந்து எழுதியவை. முதலிட்டோரின் பக்கத்திலிருந்து பேசும் சான்று பங்கு விலை ஒன்றே. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு அது தொடர்ந்து கிடைக்கின்றது. உலகில் இவ்வளவு தொன்மையும் தொடர்ச்சியும் வாய்ந்த பிறிதொரு பங்கு விலைத் தொடரைக் காண்டல் அரிது. எனினும் அதனைத் தவறாகப் பயன்படுத்துதல் எளிது. பயன்படுத்தாதே விட்டுவிடுதல் அதனினும் எளிது. எங்கள் நாட்டு வரலாற்றெழுத்தில் இரண்டாவது தவறே மிகுதி.

கடல் வாணிபத்தின் ஆதாயத்தையும் நட்டத்தையும் பங்கிட்டுக் கொள்ளும் எண்ணம் ஐரோப்பியரோடு தீவகத்துக்கு வந்த புதுமையன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் கூறும் அச்சாசனம், உடைந்த மரக்கலங்களுக்கு ஒரு விதியையும் வகுத்துள்ளது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற வாணிபப் பண்டங்கள் ஏற்றி வந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானைக்கும் குதிரைக்கும் அரசு ஏன் இத்துணைச் சலுகை காட்டியது என்பது ஆராயத்தக்கது. படைக்கு வேண்டிய அவ்விலங்குகளைக் கொணரும் வணிகன் அஞ்சி வராது நின்றுவிடக் கூடாது என்பதே காரணமாகலாம். எதுவாயினும், பங்கினைப் பொருளுக்கேற்ப வேறுபடுத்தும் நுட்பம் நாலரை நூற்றாண்டு முன்னரே இக்கரையில் இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே. தன் பங்கினை மூன்றாமவன் ஒருவனுக்கு விற்றுவிட்டு வணிகன் விலகிச் செல்லும் வழி அன்று இல்லை.

1602 ஆகத்து மாதத்தில் அம்ஸ்ரடாமில் திறந்தது அவ்வழியே. கம்பனியின் இயக்குநருள் ஒருவரான டேர்க் வான் ஒஸ் என்பாரின் இல்லத்தில் முதலிடுவோர் பெயர் பதியப்பட்டது. அம்ஸ்ரடாம் மன்றத்தில் மட்டும் 1,143 பேர் பதிந்தனர். கடைசி நாளில் அவ்வில்லத்துப் பணிப்பெண் நெயில்ற்கன் கோர்னெலிஸ் என்பாளும் நூறு கில்டர் எழுதினாள். ஆறு மன்றங்களிலும் சேர்ந்த தொகை ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். அதிற் பாதிக்கு மேற்பட்டது அம்ஸ்ரடாமுக்குரியது. மிடில்பேர்க் ஏறத்தாழ 13 இலட்சமும், டெல்ப்ற் நாலரை இலட்சத்துக்குச் சற்று மேலும், ரொட்டர்டாம் ஒன்றே முக்கால் இலட்சம் அளவிலும் திரட்டின. முதலைத் திரும்பப் பெற விரும்புவோன் கம்பனியிடம் கேட்டுப் பெறவியலாது. வேறொருவனுக்கு விற்றல் வேண்டும். விற்போனும் வாங்குவோனும் கம்பனி இல்லத்துக்குச் சென்று கணக்கரின் பேரேட்டில் பெயர் மாற்றம் செய்தாலன்றி விற்பனை செல்லாது. இவ்விதியினின்றே பங்குச் சந்தை பிறந்தது.

இப்பேரேடுகள் எஞ்சியிருப்பதாற் பங்கு விலையும் அவற்றிலிருந்து கிடைக்கும் என்று எண்ணுவோர் ஏமாற்றம் அடைவர். எவனிடமிருந்து எவனுக்கு எத்துணைப் பெறுமதியுள்ள பங்கு மாறியது என்பதைக் கணக்கர் எழுதினார். என்ன விலைக்கு மாறியது என்பதை எழுதவில்லை. அது கம்பனிக்கு வேண்டாத செய்தி. விலைகளை வணிகரின் கடிதங்கள், கணக்கேடுகள், நொத்தாரிசு உறுதிகள், வழக்குப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுக்கு இவ்வேலையைச் செய்த லொடவைக் பெற்றாம் 2011 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு இன்று கிடைப்பவற்றுள் முதன்மையானது. 1723 தொடக்கம் அம்ஸ்ரடாம் செய்தித்தாளிற் பங்கு விலைகள் ஒழுங்காக அச்சிடப்பட்டன. 1723 முதல் 1794 வரையிலான அவ்விலைகளை வான் டில்லன் என்னும் வரலாற்றாசிரியர் 1931 இல் தொகுத்தளித்தார். அமெரிக்கப் பேராசிரியர் லாரி நீல் 1990 இல் வெளியிட்ட நூலில் அத்தாள்களிலிருந்து எடுத்த விலைகளை இலண்டன் விலைகளோடு ஒப்பிட்டார். ஆகவே 1723 க்கு முற்பட்ட விலையும் பிற்பட்ட விலையும் ஒரே கோட்டில் வரையப்பட்டிருந்தாலும் ஒரே தன்மையின அல்ல. முன்னையது இடையிடையே ஒளிரும் மின்மினி. பின்னையது எரியும் விளக்கு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ‘பதினேழாம் நூற்றாண்டில் விலை அசைவு குறைவு’ என்று ஒருவர் முடிவுகட்டுவாராயின், அவர் கண்டது சந்தையின் அமைதியன்று, சான்றுகளின் இன்மையே.

அடுத்து, விலை குறிக்கப்படும் முறையை அறிதல் வேண்டும். அம்ஸ்ரடாமில் விலை கில்டர்க் கணக்கிற் கூறப்படவில்லை. முதலிற் செலுத்திய பெறுமதியின் நூற்றுவீதமாகக் கூறப்பட்டது. விலை ஐந்நூறு என்றால், 3,000 கில்டர் பெறுமதியுள்ள வழக்கமான ஒரு பங்கு 15,000 கில்டருக்கு விற்கப்பட்டது என்பது பொருள். பங்கிலாபமும் அவ்வாறே முதற் பெறுமதியின் மீதே கணக்கிடப்பட்டது. இதனைக் கவனியாதோர் கம்பனியின் இலாபத்தை மிகைப்படுத்துவர். கம்பனி தன் வாழ்நாளில் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கிலாபம் கொடுத்தது என்ற கூற்றுப் பல நூல்களிற் காணப்படும். 1602 இல் முதலிட்டு விற்காதிருந்த குடும்பத்துக்கே அது பொருந்தும். ஐந்நூறு விலைக்கு வாங்கியவனுக்கு, கம்பனி நூற்றுக்கு இருபது கொடுத்தாலும் கிடைப்பது அவன் இட்ட பணத்தில் நூற்றுக்கு நான்கே. தீவக மக்களை உறிஞ்சிக் கம்பனிப் பங்குதாரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு ஈட்டினர் என்று எழுதுவது உணர்ச்சிக்கு உகந்ததாகலாம், கணக்குக்கு உகந்ததன்று.

பங்கிலாபம் எப்பொழுதும் பணமாகவும் வழங்கப்படவில்லை. 1610 இல் வழங்கப்பட்ட முதற் பங்கிலாபத்திற் பெரும்பகுதி சாதிபத்திரி. பங்குதாரர் எல்லோர் கையிலும் ஒரே வேளையிற் சாதிபத்திரி குவிந்தால் அதன் சந்தை விலை என்னாகும் என்பதை ஊகித்தல் கடினமன்று. கம்பனி மதிப்பிட்ட விலையில் அதனைக் கணக்கிடுவதா, சந்தையில் விற்ற விலையிலா என்பதைப் பொறுத்து அவ்வாண்டின் வருவாய் முற்றிலும் வேறுபடும். இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டியிலும் இதனை ஒத்த இடர்ப்பாடு உண்டு. 1985 ஐ நூறாகக் கொண்ட அச்சுட்டி விலையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே காட்டும். பங்கிலாபம் அதில் அடங்காது. நெடுங்கால வருவாயைச் சுட்டியை மட்டும் கொண்டு கணிப்பவர், மரத்தின் உயரத்தை அளந்துவிட்டுக் காய்த்த காய்களை எண்ணாது விட்டவர் ஆவார்.

மன்றங்களுக்கிடையிலும் விலை ஒன்றாக இருக்கவில்லை. கம்பனி ஒன்று, பங்கிலாபமும் ஒன்று, ஆயினும் சீலாந்து மன்றப் பங்கும் சிறு மன்றங்களின் பங்கும் அம்ஸ்ரடாம் பங்கினும் குறைந்த விலைக்கே விற்கப்பட்டன. வாங்குவோரும் விற்போரும் திரண்ட இடம் அம்ஸ்ரடாம். நினைத்த நாளில் விற்கவியலாத பங்குக்கு விலை தாழ்தல் இயல்பே. ஆதலாற் பழைய கடிதம் ஒன்றிற் ‘பங்கு விலை’ என்று கண்டவுடன் எந்த மன்றத்துப் பங்கு, உடன் கைமாறும் பங்கா, பின்னொரு நாளிற் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பங்கா என்று வினவுதல் வேண்டும். தவணை விற்பனை தொடக்கத்திலிருந்தே பெருகி இருந்தது. 1609 இல் ஐசாக் லெ மேயர் என்னும் வணிகரும் கூட்டாளிகளும் தம்மிடம் இல்லாத பங்குகளையே தவணைக்கு விற்று விலையை வீழ்த்த முயன்றனர். 1610 இல் அவ்வகை விற்பனை சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடை ஏட்டில் இருந்தது. விற்பனை சந்தையில் இருந்தது. 1688 இல் யோசேப் டி லா வேகா ஸ்பானிய மொழியில் எழுதிய நூலைப் பார்த்தால், எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அத்தடையை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பது விளங்கும்.

நாட்காட்டி பற்றியும் ஒரு சொல். ஒல்லாந்து மாகாணம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறகோரியன் நாட்காட்டியை ஏற்றது. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே நின்றது. இலண்டன் விலையையும் அம்ஸ்ரடாம் விலையையும் திகதி பார்த்து ஒப்பிடுவோர் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பத்து நாளும் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பதினொரு நாளும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் செய்தி புறப்படுமுன்னரே விலை அசைந்ததாகத் தோன்றும்.

செய்தி எப்பொழுது சந்தையை அடைந்தது என்பதே எம் வினாவுக்கு உயிர்நிலை. 1658 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் முற்பகுதியில் மன்னார் வீழ்ந்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை, நீரின்மையால் வாடிப் பணிந்தது. ஒல்லாந்தர் பின்னர் அதனை ஹமன்ஹீல் என்றனர். மூன்று மாத முற்றுகையின் பின் யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் றைக்லொப் வான் கூன்சிடம் சரணடைந்தது. இந்நிகழ்ச்சிக்குப் பங்குதாரர் எவ்வாறு முகங்கொடுத்தனர் என அறிய விரும்பும் மாணவன் 1658 யூன், யூலை மாத விலையைத் தேடுவானாயின் காலம் வீணாகும். செய்தி பத்தாவியா சென்று, ஆண்டிறுதியை ஒட்டிப் புறப்படும் தாயகக் கப்பல்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒல்லாந்துக் கரையை அடைய மறு ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாய்ச் சென்ற கடிதங்கள் சிலவேளை முந்தியதும் உண்டு. ஆகவே நோக்கவேண்டியது 1659 இன் கோடைகால விலையை. அங்கும் ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படும். யாழ்ப்பாணம் வீழ்ந்த செய்தியை ஏற்றிவந்த அதே கப்பல்கள் மிளகையும் சாதிக்காயையும் கறுவாவையும் ஏற்றிவந்தன. கப்பல்கள் பத்திரமாக வந்தன என்ற செய்தியே விலையை உயர்த்தப் போதுமானது. உயர்வில் எவ்வளவு யாழ்ப்பாணத்துக்குரியது, எவ்வளவு மிளகுக்குரியது என்று பிரித்தறியும் வழி அவ்விலையில் இல்லை.

1672 இன்னும் தெளிவான பாடம். அவ்வாண்டின் முற்பகுதியில் டி லா ஹே தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை ஒன்று திருகோணமலையை அண்டிய கொட்டியாரக் குடாவுட் புகுந்தது. இரண்டாம் இராசசிங்கன் அதனை வரவேற்றான். இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கத்துக்கு அது பேரிடர் விளைக்கக்கூடிய தருணம். அதே ஆண்டில் அம்ஸ்ரடாம் பங்கு விலையோ, முந்திய ஆண்டில் ஐந்நூற்றுக்கு மேல் நின்றது, ஏறத்தாழ முந்நூறு அளவுக்குச் சரிந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இலங்கை மாணவனுக்கு எழும் ஆசை இயல்பானதே. ஆனால் கொட்டியாரச் செய்தி அம்ஸ்ரடாமை எட்டுமுன்னரே விலை வீழ்ந்துவிட்டது. அவ்வாண்டு பதினான்காம் லூயியின் படைகள் ஒல்லாந்துக்குள்ளேயே புகுந்திருந்தன. பங்குதாரர் தம் வீட்டு வாயிலில் நின்ற பகைவனைக் கண்டே பங்கை விற்றனர், கொட்டியாரத்தைக் கண்டன்று. தீவகத்தையும் யாழ்ப்பாணத்தையும் நேரிற் கண்டு பால்தேயஸ் பாதிரியார் எழுதிய பெருநூல் அம்ஸ்ரடாமில் அச்சேறியதும் இதே 1672 இலேயே. நாடு கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சிய ஆண்டில் அந்நூலை வாங்கிப் படித்தோர் எத்துணைப் பேரோ!

1720 இல் விலை ஆயிரத்தைத் தாண்டியது. கம்பனியின் வரலாற்றிலேயே உச்சம் அதுவே. அவ்வாண்டில் ஊர்காவற்றுறையிலோ காலியிலோ பத்தாவியாவிலோ இதற்கான காரணத்தைத் தேடினாற் கிடைக்காது. பாரிசில் மிசிசிப்பிக் கம்பனி, இலண்டனில் தென்கடற் கம்பனி ஆகியவற்றின் பங்குகளைச் சுற்றி எழுந்த வெறியே அம்ஸ்ரடாமையும் பற்றியது. ஆறு ஆண்டுகளின் பின் இலங்கைத் தேசாதிபதியாக வந்த பீற்றர் வூயிஸ்ற் இத்தீவில் நிகழ்த்திய கொடுமைகள் கம்பனியே பொறுக்கவொண்ணாத அளவின. 1732 இற் பத்தாவியாவில் அவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. விசாரணைக் கட்டுகள் அவன் ஆட்சியைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பங்கு விலை அதுபற்றி வாய் திறப்பதில்லை.

இவ்வாறு கூறியதும் ‘அப்படியாயின் விலையால் எங்களுக்கு என்ன பயன்?’ என்று கேட்கத் தோன்றும். பங்கு விலை முதலிட்டோரின் எதிர்பார்ப்பைக் காட்டுவது. அவ்வெதிர்பார்ப்பும் அவர்கள் அறிந்தவற்றின் அளவுக்குட்பட்டது. கம்பனி இயக்குநர் பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட மறுத்தனர். 1622 இற் பங்குதாரர் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டுக் கிளர்ச்சி செய்தும் பெரும் பயன் விளையவில்லை. யாழ்ப்பாணப் பகுதியின் வரவு செலவு எத்தகையது என்பதை ஒரு பங்குதாரன் அறிய வழியே இருக்கவில்லை. அதனை அறிந்தவர் யாழ்ப்பாணக் கோட்டையிலும் கொழும்பிலும் பத்தாவியாவிலும் இருந்தனர். இயக்குநர் அறையிலும் சிலர் இருந்தனர். பங்கு விலையையும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதே, முதலிட்டவன் அறியாதிருந்தது எது என்பது வெளிப்படுகின்றது. அறியாமையின் அளவும் வரலாற்றுச் செய்தியே.

ஊர்காவற்றுறை யானை வாணிபம் இதற்கு உகந்த எடுத்துக்காட்டு. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகளும் வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகளும் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குக் கொணரப்பட்டு, ஊர்காவற்றுறையில் மரக்கலமேற்றப்பட்டன. போர்த்துக்கீசர் அத்துறையை யானைத்துறை என்று வழங்கியதிலிருந்தே கயிற்ஸ் என்ற பெயர் வந்தது எனப் பலரும் கூறுவர். கொல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்து யாழ்ப்பாணத்தில் யானை வாங்கினர். யானையின் விலை முழத்தாற் கணிக்கப்பட்டது; உயரம் கூடக் கூட விலையும் கூடும்; கொம்பு இருந்தால் ஏறும்; உடலிற் குறை இருந்தால் இறங்கும். 1697 இல் ஹென்றிக் ஸ்வார்டெகுறூன் எழுதிய நினைவுக் குறிப்பிலும், 1766 இல் அந்தோனி மூயாட் எழுதியதிலும் இவ்வாணிபம் பற்றிய செய்திகள் நிறைய உள. சோபியா பீற்றர்ஸ் அம்மையார் இவ்விரண்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தமையால் ஒல்லாந்த மொழி அறியாதோரும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

இந்த யானைகளுள் ஒன்றேனும் அம்ஸ்ரடாமில் விலைபோகவில்லை. யானை விற்ற பணம் சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் துணி வாங்கப் பயன்பட்டது. துணி தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகுக்கும் பிற வாசனைப் பொருட்களுக்கும் மாற்றப்பட்டது. அவை அம்ஸ்ரடாமில் ஏலம் போயின. ஏல விலையை எதிர்பார்த்துப் பங்கு விலை அசைந்தது. ஊர்காவற்றுறைக்கும் அம்ஸ்ரடாமுக்கும் இடையே இத்தனை படிகள். ஒவ்வொரு படியிலும் வேறு வேறு இடத்து இலாபநட்டம் வந்து கலக்கின்றது. கடலிற் கலந்த ஆற்றுநீரை அள்ளிக் காட்டுவது எவ்வாறு இயலாதோ, பங்கு விலையில் யானையின் பங்கைக் காட்டுவதும் அவ்வாறே இயலாது. ஆனால் படிகளை ஒவ்வொன்றாக, அந்தந்த இடத்து விலைகளைக் கொண்டு பின்தொடரலாம். யாழ்ப்பாணத்து யானை விலை, சோழமண்டலத்துத் துணி விலை, அம்ஸ்ரடாமின் மிளகு ஏல விலை ஆகியவை வெவ்வேறு ஏடுகளிற் கிடக்கின்றன. கம்பனியின் ஆவணத் தொகுதிகள் 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ள தொகுதியும் அவற்றுள் அடங்கும். ஒல்லாந்த மொழி கற்ற தமிழ் மாணவர் சிலரேனும் இருந்தால் இவ்வேலை இங்கிருந்தே நடைபெறலாம். அத்தகையோர் இல்லாமை பற்றி எங்கள் பல்கலைக்கழகங்கள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

படிகளின் அடியில் நிற்போரின் நிலை வேறு. தீவுகளிற் சாயவேர் கிண்டியோர், நெடுந்தீவிற் குதிரை மந்தைகளைப் பேணியோர், பனைமரம் தறித்துக் கரைசேர்த்தோர், ஊழியம் என்ற பெயரிற் கூலியின்றி உழைத்தோர் ஆகியோரின் உழைப்புக்குச் சந்தை விலை என ஒன்று இருக்கவில்லை. தலைவரியும் ஊழியமும் கட்டளையாற் பெறப்பட்டன. விலை இல்லாத இடத்தில் விலைத் தொடர் எதைப் பதியும்? கம்பனியின் கணக்கில் அவ்வுழைப்புச் செலவாகவேனும் எழுதப்படாது போயிற்று. எழுதப்படாத செலவு இலாபத்தை உயர்த்திக் காட்டிற்று. எனவே பங்கு விலை தீவக மக்களைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது என்பதோடு நில்லாது, அம்மௌனத்தின் ஒரு பகுதி விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது என்றும் கூறலாம்.

1606 ஆம் ஆண்டுத் திகதியிட்ட பங்குப் பத்திரம் ஒன்றை 2010 இல் ஹோர்ண் நகரச் சுவடிக் கூடத்தில் றூபன் சாள்க் என்னும் பல்கலைக்கழக மாணவர் கண்டெடுத்தார். என்குயிசன் மன்றத்துக்குரிய அது, எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது எனப்படுகின்றது. உண்மையில் அது பணம் செலுத்தியமைக்கான பற்றுச்சீட்டே. உட்புறத்திற் பங்கிலாபம் பெற்ற விபரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆய்வுக் கட்டுரைக்காகத் தகவல் தேடிச் சென்ற மாணவர் ஒருவரின் கையில் அது அகப்பட்டமை, கொழும்புச் சுவடிகள் கூடத்தின் வாயிலை எட்டிப் பார்க்கத் தயங்கும் எம் மாணவர்க்குச் சற்று ஊக்கமளிக்கலாம்.

1780 இன் இறுதியில் மூண்ட நான்காம் ஆங்கில ஒல்லாந்தப் போர் கம்பனியின் முதுகெலும்பை முறித்தது. 1782 இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரர் அதனை மீட்டமையாற் பின்னர் அது ஒல்லாந்தரிடம் திரும்பியது. பங்கிலாபம் நின்றது, கடன் பெருகிற்று, பங்கு விலை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. வான் டில்லன் தொகுத்த விலைத் தொடர் 1794 இல் முடிவடைகின்றது. 1795 இன் தொடக்கத்திற் பிரெஞ்சுப் படைகள் அம்ஸ்ரடாமுட் புகுந்தன. அவ்வாண்டு செப்ரெம்பர் 28 ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதனோடு தீவகமும் மாறியது. 1796 இல் கம்பனியை அரசு பொறுப்பேற்றது. 1799 இன் இறுதியிற் பட்டயம் காலாவதியாயிற்று. ஆகவே தீவுகள் கம்பனியின் கையை விட்டுப் போன நாளில் பங்கின் விலை என்ன என்று அத்தொடரிற் பார்க்கவியலாது. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், ரொட்டர்டாம், லைடன், ஹார்லெம் என்ற பெயர்கள் காலப்போக்கில் வழக்கொழிந்தன. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில் மட்டும் டெல்ப்ற் இன்றும் நிற்கின்றது.